டியூப் போட்டு மயக்கம் கொடுத்தால் குரல் கெடுமா? மயக்க மருந்துத் தேர்வும் குரல் நாண் காயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். தியேட்டரில் வேலை பார்க்கும் செவிலியர்களும் மயக்கவியல் டெக்னீஷியன் மாணவர்களும் படிப்பார்கள் என்பதால் மருந்தளவுகளும் தந்திருக்கிறோம். அந்த அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. நோயாளியின் வயது, எடை, இதயம், சிறுநீரகம் பார்த்து மயக்க மருத்துவர் அவற்றை மாற்றுவார்.

டியூப் போடும்போது குரல் நாணுக்கு என்னதான் ஆகிறது?

குரல்வளைக்குள் இரண்டு நாண்கள் ஒரு சிறிய முக்கோண இடைவெளி விட்டு நிற்கின்றன. அந்த இடைவெளி வழியாகத்தான், மயக்கத்தில் மூச்சுக் கொடுக்கும் டியூப் மூச்சுக்குழாய்க்குள் இறங்க வேண்டும். 7.5 அளவு டியூப் என்பது உள்விட்டக் கணக்கு. அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 10 மி.மீ. வரும். டியூப் வளைந்து இறங்குவதால் நாணின் பின்பக்க மூன்றில் ஒரு பங்கின் மேல் சாய்ந்து உட்காருகிறது. அங்கே குருத்தெலும்பின் மேல் சவ்வு மிக மெல்லியது. அதனால்தான் புண்ணும், புண் ஆறும்போது வளரும் சதைக்கட்டியான தசைமுளையும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே வருகின்றன.

காயம் மூன்று நேரங்களில் ஆகலாம்: டியூப் நுழையும்போது, உள்ளே இருக்கும்போது, வெளியே எடுக்கும்போது. மயக்க மருந்துத் தேர்வு மூன்றையும் தொடுகிறது. அதிகமாகத் தொடுவது முதலாவதை.

என்னென்ன காயங்கள்?

வீக்கமும் சிவப்பும்தான் அதிகம். ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடுத்து நாணுக்குள் ரத்தக்கட்டு. பல ஆய்வுகளில் இது இடது நாணில் அதிகம் காணப்படுகிறது. குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியை இடக்கையில் பிடித்து, வலக்கையால் வாயின் வலது ஓரத்திலிருந்து டியூப்பை விடும்போது நுனி இடப்பக்கம் போய் மோதுவதே காரணம் என்று கருதப்படுகிறது. சவ்வு கிழிதல், பின்பக்கத் தசைமுளை, நாணின் பின்முனையைப் பிடித்திருக்கும் அரிட்டினாய்டு குருத்தெலும்பு இடம் நகர்தல், நாண் செயலிழப்பு ஆகியவை அரிது. ஆனால் குரலை மாதக்கணக்கில் கெடுப்பவை இவைதான்.

ஜப்பானில் 31,241 அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கவனித்து 2007இல் வெளியான ஆய்வில் 24 பேருக்கு, அதாவது 0.077 சதவீதம் பேருக்கு, நாண் செயலிழப்பு வந்தது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அபாயம் மூன்று மடங்கு. டியூப் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் 15 மடங்கு. சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால் இரண்டு மடங்கு.

"எனக்கு டியூப் சுலபமாகப் போய்விட்டதாம், அதனால் காயம் இருக்காது" என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மயக்கவியல் இழப்பீட்டு வழக்குகளை அலசி 1999இல் வெளியான தொகுப்பில், குரல்வளைக் காயங்களில் 80 சதவீதம் சிரமமே இல்லாமல் டியூப் போட்ட நோயாளிகளிடம்தான் நடந்திருந்தன.

மயக்க மருந்துக்கும் நாண் காயத்துக்கும் என்ன தொடர்பு? எல்லாம் போடுகிறவர் கைத்திறமைதானே?

கைத்திறமை முக்கியம். ஆனால் அந்தக் கைக்கு முன்னால் நாண் எப்படி நிற்கிறது என்பதை மருந்துதான் தீர்மானிக்கிறது. குரல்வளையின் பழமையான வேலை நுரையீரலைக் காப்பது. ஏதாவது தொட்டால் நாண்கள் பட்டென்று மூடும், இருமல் வரும். நோயாளி தூங்கிவிட்டார் என்பதால் மட்டும் இந்த அனிச்சை போய்விடாது. மூடிக்கொண்டிருக்கும் கதவை மூட்டையால் இடித்துத் திறப்பதுபோல, பாதி மூடிய நாண்கள் நடுவே டியூப்பைத் தள்ளினால் நாணும் அடிபடும், குருத்தெலும்பும் நகரும்.

நாண்கள் அகலத் திறந்து அசையாமல் நிற்க வேண்டும் என்றால் தசை தளர்த்தி மருந்து வேண்டும். இதை நேரடியாகச் சோதித்தவர் ஜெர்மனியின் மென்கேயும் அவர் குழுவினரும். 2003இல் வெளியான ஆய்வு அது. எல்லோருக்கும் புரோபோஃபாலும் ஃபென்டனிலும் கொடுத்து, ஒரு பாதியினருக்கு அட்ராகுரியமும் மறு பாதியினருக்கு வெறும் சலைனும் போட்டார்கள். குரல் கம்மல் அட்ராகுரியம் பெற்றவர்களில் 16 சதவீதம், பெறாதவர்களில் 44 சதவீதம். நாணைப் பார்த்தபோது தெரிந்த காயம் 8 சதவீதத்துக்கு எதிராக 42 சதவீதம். தூக்க மருந்து இரு பக்கமும் ஒன்றே. தளர்த்தி மட்டும்தான் வேறு.

2007இல் பிரான்சில் 300 பேரிடம் நடந்த ஆய்விலும் போக்கு இதேதான். தளர்த்தி இல்லாதபோது டியூப் போடச் சிரமப்பட்டது 12 சதவீதம், தளர்த்தி கொடுத்தபோது 1 சதவீதம். இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு மதிப்பாய்வும் தளர்த்தியைத் தவிர்த்தால் சிரமமும் மேல் சுவாசப்பாதைக் காயமும் கூடுகின்றன என்றே சொல்கிறது. எனவே எந்த மருந்தில் தூங்க வைக்கிறார்கள் என்பதைவிட, தளர்த்தி போதிய அளவில் கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்தார்களா என்பதே குரலுக்குப் பெரிய கேள்வி.

எந்தத் தளர்த்தி? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

அட்ராகுரியம் கிலோவுக்கு 0.5 மி.கி., வெக்குரோனியம் 0.1 மி.கி. இரண்டுக்கும் மூன்று நிமிடம் தேவை. ரோக்குரோனியம் கிலோவுக்கு 0.6 மி.கி. கொடுத்தால் 60 முதல் 90 விநாடி, 1.2 மி.கி. என்றால் ஒரு நிமிடத்துக்குள் நிலைமை தயார். ஸ்கோலின் என்று தியேட்டரில் சொல்லப்படும் சக்சினைல்கோலின் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி.; 45 முதல் 60 விநாடி. சரியான அளவில் கொடுத்தால் ரோக்குரோனியமா ஸ்கோலினா என்பதில் நாண் காயம் பெரிதாக மாறுவதில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் கடிகாரத்தில். அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கிறது என்று வெக்குரோனியம் போட்ட ஒன்றரை நிமிடத்திலேயே லாரிங்கோஸ்கோப்பின் பிளேடை வைப்பார்கள். தாடை தளர்ந்திருக்கும், நாண் தளர்ந்திருக்காது. ஊசி போட்ட நேரத்தை டெக்னீஷியன் உரக்கச் சொல்லி, மூன்றாவது நிமிடத்தையும் உரக்கச் சொல்லும் வழக்கம் செலவில்லாத பாதுகாப்பு.

இன்னொரு நுட்பம் உண்டு. குரல்வளைத் தசையில் தளர்த்தி சீக்கிரம் வேலை தொடங்குகிறது. ஆனால் அந்தத் தசை கட்டைவிரல் தசையைவிட மருந்தை அதிகம் எதிர்க்கிறது. குறைந்த அளவு கொடுத்துவிட்டு, நரம்புக்குச் சிறு மின்துடிப்பு தரும் கருவியான நரம்புத் தூண்டியில் கட்டைவிரல் அசையவில்லை என்பதை மட்டும் நம்பினால் நாண் இன்னும் மூடும் வலுவோடு இருக்கலாம். புருவத் தசையின் அசைவு குரல்வளையின் நிலையை இன்னும் சரியாகக் காட்டும்.

ஸ்கோலின் யாருக்கு ஆகாது?

பெரிய தீக்காயம் பட்டு ஓரிரு நாள் கடந்தவர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள், மயக்கத்தில் உடல் கொதித்த வரலாறு தமக்கோ குடும்பத்திலோ உள்ளவர்கள்.

நம் பகுதிக்கு மேலும் இரண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கோலினைச் சிதைக்கும் நொதி ஆரிய வைசிய சமூகத்தைச் சேர்ந்த சிலருக்குப் பிறவியிலேயே மிகக் குறைவு. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2006இல் பதிவானது. அவர்களுக்குச் சில நிமிடத்தில் தீர வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நீடிக்கும், அத்தனை நேரமும் டியூப் உள்ளேயே இருக்க வேண்டியிருக்கும். உறவில் யாருக்காவது "மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆச்சு, மெஷினில் வைத்திருந்தாங்க" என்ற கதை இருந்தால் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டாவது, பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறியவர்களுக்கும் இதே நொதி வாரக்கணக்கில் குறைந்திருக்கும். நிலத்தில் மருந்தடித்துவிட்டு வந்த சில நாளில் ஆபரேஷன் என்றால் அதையும் மறைக்க வேண்டாம்.

தளர்த்தியே இல்லாமல் டியூப் போடுவார்களா?

போடுவார்கள். புரோபோஃபாலோடு ரெமிஃபென்டனில் கிலோவுக்கு 3 முதல் 4 மைக்ரோகிராம் சேர்த்தால் பலருக்கு நாண் திறந்து கிடைக்கும். செவோஃப்ளூரேன் வாயுவை ஆழமாகக் கொடுத்தும் முடியும். அதற்குக் கொடுக்கும் விலை, ரத்த அழுத்தமும் நாடியும் சரிவது. வயதானவர்களுக்கு அது தாங்காது. நாண் நிலையும் தளர்த்தி கொடுத்த அளவுக்கு நம்பகமாக வராது. தசைக்களைப்பு நோய் உள்ளவர்களுக்கோ, தளர்த்திக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ இது நல்ல வழி. மற்றவர்களுக்கு வழக்கமாக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

தூக்க மருந்தில் எது குரலுக்கு நல்லது?

புரோபோஃபால், கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மி.கி. குரல்வளை அனிச்சையை மற்றவற்றைவிட நன்றாக அடக்குகிறது. தயோபென்டோன் தூங்க வைக்கும், ஆனால் குரல்வளை உயிர்ப்போடு இருக்கும். தளர்த்தி முழுதாக ஏறாமல் தொட்டால் நாண் இறுகிவிடும். கீட்டமின் அனிச்சையை விட்டுவைப்பதோடு எச்சிலையும் கூட்டும், கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. துணைக்கு வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்து வருகிற விபத்து நோயாளிக்குக் கீட்டமினே உயிர் காக்கும் மருந்து. அங்கே குரலைப் பார்த்து மருந்தை மாற்றுவது சரியல்ல, தளர்த்தியை முழு அளவில் கொடுப்பதே சரி.

ஃபென்டனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் கொடுத்தால் அதன் உச்ச வேலை வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். புரோபோஃபாலோடு ஒரே மூச்சில் தள்ளிவிட்டு உடனே பிளேடை வைத்தால் அதன் பயன் பாதிதான்.

நைட்ரஸ் ஆக்சைடு வாயுவால் தொண்டை வலி வருமாமே?

நேரடியாக இல்லை, பலூன் வழியாக வரும். டியூப்பின் நுனிக்கு மேலே மூச்சுக்குழாயை அடைக்கும் ஒரு சிறு பலூன் இருக்கிறது, தியேட்டரில் கஃப் என்பார்கள். அதன் மெல்லிய சுவர் வழியாக நைட்ரஸ் ஆக்சைடு உள்ளே ஊடுருவும். காற்று நிரப்பிய கஃப் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடக்க அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கும் தாண்டிவிடலாம்.

கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். 30ஐத் தாண்டினால் மூச்சுக்குழாய்ச் சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, 50ஐ எட்டினால் பெரும்பாலும் நின்றே போகிறது. கஃப் நாணுக்கு மிக அருகில், குரல்வளைக்குள்ளேயே நின்றுவிட்டால் இன்னும் கேடு: நாணுக்குப் போகும் நரம்பின் முன்கிளை கஃப்புக்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. நாண் செயலிழப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். கஃப்பின் மேல்விளிம்பு நாணுக்கு 1.5 முதல் 2 செ.மீ. கீழே இருக்கும்படி டியூப்பை இறக்கி ஒட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். வெளியே தொங்கும் குட்டி பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து அழுத்தம் சொல்ல முடியாது, அனுபவசாலிகளே அதில் ஏமாறுகிறார்கள். அழுத்தமானியான மானோமீட்டர் வைத்து அளந்து, நைட்ரஸ் ஓடினால் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். மானோமீட்டர் இல்லாத தியேட்டரில் நைட்ரஸுக்குப் பதில் ஆக்சிஜனும் காற்றும் கலந்து ஓட்டுவது நல்லது. கஃப்பில் காற்றுக்குப் பதில் சலைன் நிரப்பினாலும் அழுத்தம் ஏறாது.

டியூப் அளவு?

பெண்களுக்கு 7.0, ஆண்களுக்கு 7.5 அல்லது 8.0 என்பது பழைய பழக்கம். சாதாரண அறுவை சிகிச்சைக்குப் பெண்களுக்கு 6.0 அல்லது 6.5, ஆண்களுக்கு 7.0 போதும், தொண்டை வலியும் கம்மலும் குறைகின்றன. டியூப்புக்கு வடிவம் கொடுக்க உள்ளே விடும் ஸ்டைலட் கம்பி அதன் நுனியைத் தாண்டி நீட்டக் கூடாது, நுனி நாணைக் கடந்தவுடன் கம்பியை உருவிவிட வேண்டும்.

குரல் கம்மலைத் தடுக்க முன்கூட்டியே ஏதாவது மருந்து உண்டா?

டெக்சாமெத்தசோன் 8 மி.கி. டியூப் போடுவதற்கு முன் நரம்பில் கொடுத்தால் வலியும் கம்மலும் குறைகின்றன. சர்க்கரை நோயாளிக்கு அன்றும் மறுநாளும் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும். பென்சிடமின் வாய் கொப்பளிப்பும் உதவும். டியூப்பில் லிக்னோகெயின் ஜெல்லி தடவுவதும் நாணில் ஸ்பிரே அடிப்பதும் பலரது பழக்கம். அதில் சேர்ந்துள்ள பொருட்களால் சிலருக்கு எரிச்சல்தான் கூடுகிறது.

மயக்கம் தெளியும் நேரத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

டியூப் உள்ளே இருக்க நோயாளி பலமாக இருமினால் ஒவ்வொரு இருமலிலும் நாண்கள் பிளாஸ்டிக்கின் மேல் அறைகின்றன. புரோபோஃபாலை மட்டும் ஓட்டி முடிக்கும் மயக்கத்தில் இந்த இருமல் குறைவு. வாயு மயக்கத்தில் அதிகம், அதிலும் டெஸ்ஃப்ளூரேன் சுவாசப்பாதையைக் காந்த வைக்கும். முடியும் தறுவாயில் லிக்னோகெயின் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. நரம்பில் கொடுப்பதோ, டெக்ஸ்மெடிடோமிடின் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் பத்து நிமிடத்தில் ஓட்டுவதோ இருமலைத் தணிக்கும்.

தளர்த்தியின் மிச்சம் உடம்பில் இருக்கக் கூடாது. நரம்புத் தூண்டியில் நான்கு துடிப்புகளில் நான்காவதுக்கும் முதலாவதுக்கும் உள்ள விகிதம் 0.9 வந்த பிறகே டியூப் எடுக்க வேண்டும். தளர்த்தியை முறிக்க நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.05 மி.கி. கிளைகோபைரோலேட்டோடு; ரோக்குரோனியம் அல்லது வெக்குரோனியம் என்றால் சுகம்மாடெக்ஸ் கிலோவுக்கு 2 மி.கி., தளர்த்தி ஆழமாக இருந்தால் 4 மி.கி. கஃப்பை முழுதாகக் காற்றிறக்காமல் உருவுவது நாணைக் கிழிக்கும், குருத்தெலும்பை நகர்த்தும். குட்டி பலூன் ஒட்டி விழுந்ததைக் கண்ணால் பார்த்த பின்பே இழுங்கள்.

தைராய்டு ஆபரேஷனுக்குத் தளர்த்தி தர மாட்டோம் என்கிறார்களே?

நாணுக்குப் போகும் நரம்பைக் கண்காணிக்க மின்முனை பதித்த டியூப் போடும்போது, தளர்த்தி முழுதாக இருந்தால் சிக்னல் வராது. அதற்காக டியூப் போடும் நேரத்திலேயே தளர்த்தியைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஸ்கோலினோ, ரோக்குரோனியம் கிலோவுக்கு 0.3 மி.கி. போன்ற சிறு அளவோ கொடுத்துப் போட்டுவிட்டு, நரம்பருகே வேலை தொடங்குவதற்குள் தெளிய விடலாம். ரோக்குரோனியத்தைச் சுகம்மாடெக்ஸால் முறிக்கலாம். இந்த டியூப்பில் லிக்னோகெயின் ஜெல்லி தடவக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே நாண் அசைவைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் கம்மல் கத்தியாலா, டியூப்பாலா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பூச்சிமருந்து குடித்தவருக்கு இரண்டு வாரமாக டியூப். குரல் திரும்புமா?

பெரும்பாலானவர்களுக்குத் திரும்பும், ஆனால் மெதுவாக. இங்கே மயக்க மருந்தைவிட நாட்கணக்கே பெரிய காரணி. எட்டு மணிக்கு ஒருமுறை கஃப் அழுத்தம் பார்ப்பது, நோயாளி தலையை உதறாத அளவுக்கு அமைதிப்படுத்தும் மருந்து, டியூப்பை இழுக்காத கட்டு ஆகியவை நாணைக் காக்கும். 7 முதல் 10 நாளுக்குள் டியூப் எடுக்கும் வாய்ப்புத் தெரியாவிட்டால் கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுவழி அமைப்பதைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். வீட்டார் அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது குரல்வளைக்கு ஓய்வு தரும் ஏற்பாடு, தேவை முடிந்ததும் மூடிவிடலாம். வீக்க அபாயம் இருப்பவருக்கு டியூப் எடுப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மெதில்பிரெட்னிசலோன் 20 மி.கி. நான்கு மணிக்கு ஒருமுறை கொடுப்பது பயனுள்ளது.

வீடு திரும்பிய ஒன்றிரண்டு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு இழுக்கும் ஓசை வந்தால் ஆஸ்துமா என்று இன்ஹேலர் வாங்கிக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம்.

நான் கூத்துக் கலைஞர் / ஆசிரியர் / மோதினார். முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்?

"குரல்தான் என் பிழைப்பு" என்பதை மயக்க மருத்துவர் உங்களைப் பார்க்க வரும் அன்றே சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே கம்மல் இருந்தால் அதையும். சிறிய டியூப், முழு அளவு தளர்த்தி, அனுபவமுள்ள கை, நைட்ரஸ் இல்லாத மயக்கம் என்று அவர் திட்டமிடலாம். குடலிறக்கம், மூலம், கால் எலும்பு போன்றவற்றுக்கு முதுகில் ஊசி போதுமா என்றும் கேளுங்கள். வயிறு காலியாக உள்ள, சிறிய அறுவை சிகிச்சைகளில் நாணுக்கு மேலேயே உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க் ஒரு வழி. லேப்ராஸ்கோபி, முழு வயிறு, அவசரம் என்றால் டியூப்பே பாதுகாப்பு. அப்போது வற்புறுத்த வேண்டாம்.

பாரதக் கூத்து நடக்கும் பங்குனி முதல் ஆனி வரையிலான பருவத்தில் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனை வைத்துக்கொள்ளாதீர்கள். டியூப்புக்கும் விடிய விடியப் பாடும் முதல் மேடைக்கும் நடுவே ஆறு வாரமாவது விடுங்கள். தசைமுளை சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது?

முதல் மூன்று நாள் குறைவாக, மெதுவாக, இயல்பான குரலில் பேசுங்கள். கிசுகிசுப்பது ஓய்வல்ல, அதில் குரல்வளை இன்னும் இறுகுகிறது. தொண்டையைச் செருமாதீர்கள். வேலூர் வெயிலில் தண்ணீர் குறையக் கூடாது. பீடி, சிகரெட், வீட்டில் பீடி சுற்றும் தூசி எல்லாம் விலக்கு. இரவு பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் ஏறிப் புண்ணை ஆறவிடாது. படுக்கைக்கு மூன்று மணி முன்பே சாப்பிட்டு முடியுங்கள். பனங்கற்கண்டு மிளகுப் பால் தொண்டைக்கு இதம், தடையில்லை. அதிமதுரத்தை நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொள்வது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தவிர்க்கவும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மூச்சு இழுக்கும்போது கீச்சொலி, மூச்சுத் திணறல், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறப்பது, ரத்தம் துப்புவது: அந்த நிமிடமே அவசரப் பிரிவு. தண்ணீர் குடித்தால் ஒவ்வொரு முறையும் புரையேறுவது, குரல் காற்றாக மட்டும் வருவது, விழுங்கும்போது ஒரு பக்கம் குத்துவது: ஓரிரு நாளுக்குள். இவை நாண் செயலிழப்பாகவோ குருத்தெலும்பு நகர்வாகவோ இருக்கலாம். நகர்ந்த குருத்தெலும்பைச் சில நாளுக்குள் தள்ளி உட்கார வைப்பது சுலபம், வாரங்கள் போனால் மூட்டு இறுகிவிடும். வெறும் கம்மல் ஒரு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சாதாரணக் கம்மலுக்கு நான்கு வாரம் பார்க்கலாம் என்ற வழக்கம் டியூப் போட்டவர்களுக்குப் பொருந்தாது.

மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் விட்டு நாணைப் பார்ப்பது சில நிமிட வேலை, வெளிநோயாளி அறையிலேயே முடியும். வேலூர் சி.எம்.சி.யிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தத் துறை உண்டு. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு மயக்கவியல் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள். டியூப் அளவு, எத்தனை முறை முயன்றார்கள், எந்தத் தளர்த்தி எவ்வளவு, நைட்ரஸ் ஓடியதா, டியூப் எத்தனை மணி நேரம் இருந்தது என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.